தினமும் நூறு கேள்வி போட்டும் இயற்பியலில் மார்க் ஏறவில்லையே?

கேள்வி: என் மகள் பெங்களூரில் செகண்ட் பியூ, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பொறியியல் நுழைவுத் தேர்வுகளான சிஇடி (கர்நாடக அரசு நடத்துவது), காமெட்கே (கர்நாடகத் தனியார் கல்லூரிகளுக்கானது), ஜேஇஇ மெயின் (அகில இந்தியத் தேர்வு) மூன்றும் எழுதப் போகிறாள். கணிதமும் வேதியியலும் பரவாயில்லை, இயற்பியல்தான் உதைக்கிறது. கோச்சிங்கில் கொடுத்த மாட்யூலில் தினமும் 80, 100 கேள்வி போடுகிறாள். அத்தியாயத் தேர்வில் நல்ல மார்க். முழு மாதிரித் தேர்வு என்று வந்தால் சிஇடி தாளில் 60க்கு 34ஐத் தாண்டுவதில்லை, ஜேஇஇ தாளில் மைனஸ் போக நூற்றுக்கு இருபது வந்தால் அதிகம். கேட்டால், "எல்லாம் தெரிஞ்சதுதாம்மா, சில்லி மிஸ்டேக்" என்கிறாள். விடை விளக்கத்தைப் படித்தால் புரிகிறதாம், மறுநாள் அதே கணக்கு வரமாட்டேன் என்கிறது. அல்சூரிலிருந்து ராஜாஜிநகர் கோச்சிங்குக்கு மெட்ரோவில் போய்வரும் நேரம் வேறு வீணாகிறது. இன்னொரு கேள்வி வங்கி வாங்கித் தரலாமா? தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடலாமா? எனக்கு இயற்பியல் தெரியாது. வீட்டில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?
— ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கேள்வி வங்கி வேண்டாம். இருப்பதே அதிகம். நாளைக்கு நூறு என்ற எண்ணிக்கையை முதலில் 25க்கு இறக்குங்கள். மகள் பதறுவாள், கூடப் படிப்பவர்கள் எல்லாம் நூறு போடுகிறார்கள் என்பாள். இறக்கத்தான் வேண்டும்.

கணக்கு எளிது. மூன்று மணி நேரத்தில் நூறு கேள்வி என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. படிப்பது, போடுவது, விடையைச் சரிபார்ப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். தவறிய கேள்வியில் ஏன் தவறியது என்று பார்க்க அங்கே இடமே கிடையாது. நூறில் 70 சரியாக வருகிறது என்று வையுங்கள். அந்த 70 அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அவற்றைப் போட்டதால் புதிதாக எதுவும் சேரவில்லை. சேர வேண்டியது தவறிய 30இல் இருக்கிறது, அதை விட்டுவிட்டு அடுத்த நாள் அடுத்த நூறுக்குப் போய்விடுகிறாள். 25 கேள்வியை ஒரு மணி நேரத்தில் நேரம் வைத்துப் போடட்டும். மீதி இரண்டு மணி நேரமும் அந்த 25ஐக் கிளறுவதற்கு.

கிளறுவது என்றால் என்ன என்று ஒரு கேள்வியை வைத்தே காட்டுகிறேன். உங்களுக்குப் புரியாவிட்டால் மகளிடம் கொடுங்கள். குவியத் தூரம் 15 செ.மீ. உள்ள குழியாடி, அதாவது கான்கேவ் மிரர். அதற்கு முன்னால் 10 செ.மீ. தூரத்தில் ஒரு பொருள். பிம்பம் எங்கே? கொடுத்திருக்கும் நாலு விடைகள்: ஆடிக்கு முன்னால் 30 செ.மீ., பின்னால் 30 செ.மீ., முன்னால் 6 செ.மீ., பின்னால் 6 செ.மீ.

இவை சும்மா போட்ட எண்கள் அல்ல. என்சிஇஆர்டி புத்தகத்தின் குறி விதிப்படி பொருள் தூரம் மைனஸ் 10, குவியத் தூரம் மைனஸ் 15. இரண்டையும் சரியாகப் போட்டால் பிளஸ் 30 வரும், பிம்பம் ஆடிக்குப் பின்னால். குவியத் தூரத்துக்கு மட்டும் மைனஸை மறந்தால் பிளஸ் 6. பொருள் தூரத்துக்கு மட்டும் மறந்தால் மைனஸ் 6. இரண்டுக்கும் மறந்தால் மைனஸ் 30. ஆக, மாணவர் எந்த வழியில் சறுக்கினாலும் கையில் கிடைக்கும் எண் விடைப் பட்டியலில் தயாராக உட்கார்ந்திருக்கிறது. "நான் போட்ட விடை ஆப்ஷனில் இருக்கிறதே, அப்போ சரிதான்" என்ற நிம்மதிதான் கொள்ளி வைக்கிறது.

அதே கேள்வியைச் சூத்திரமே இல்லாமலும் முடிக்கலாம். பொருள் 10இல், குவியம் 15இல். குவியத்துக்கு உள்ளே பொருள் இருந்தால் குழியாடி காட்டுவது பெரிதாக்கப்பட்ட மாய பிம்பம். மாய பிம்பம் என்றால் ஆடிக்குப் பின்னால், ஆக இரண்டு விடை அடிபட்டது. பெரிதாக இருக்க வேண்டுமானால் பிம்பத் தூரம் 10ஐவிட அதிகமாக இருந்தாக வேண்டும், ஆகவே 6 அடிபட்டது. மிச்சம் ஒன்றுதான். பத்து விநாடி வேலை. சிஇடிக்கு இது போதும். ஜேஇஇக்குச் சூத்திரத்தால் போட்டுவிட்டு, இதைச் சரிபார்ப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு தவறிய கேள்வியிலும் மகள் பார்க்க வேண்டியது இதைத்தான்: நான் தேர்ந்தெடுத்த தவறான விடை எந்தப் பிழையிலிருந்து பிறந்தது? சரியான வழியைத் தெரிந்துகொள்வது இரண்டாவது வேலை.

இங்கேதான் "சில்லி மிஸ்டேக்" வருகிறது. அந்தச் சொல்லுக்கு வீட்டில் தடை போடுங்கள். அப்படி ஒரு வகைப் பிழை இயற்பியலில் கிடையாது. அதன் அடியில் இருப்பது வேறு ஏதாவது ஒன்று. கேள்வியைத் தவறாகப் படித்தது: "தவறான கூற்று எது" என்பதைச் "சரியான கூற்று" என்று எடுத்துக்கொள்வது, விகிதத்தைத் தலைகீழாகப் போடுவது, விட்டம் கொடுத்திருக்க ஆரமாக எடுப்பது. அலகு மாற்றாதது: சதுர மில்லிமீட்டரைச் சதுர மீட்டராக்கும்போது ஆயிரத்தால் வகுப்பது, வகுக்க வேண்டியதோ பத்து லட்சத்தால். குறிப் பிழை, மேலே பார்த்தது. கருத்தே தெரியாதது. தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது. ஒரு நோட்டில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே வரி எழுதட்டும்: எந்த வகைப் பிழை, எந்த இடத்தில். முழுத் தீர்வையும் அழகான கையெழுத்தில் நகல் எடுப்பதில் பயனில்லை, அது கைவலிதான். மூன்று வாரம் எழுதினால் ஏதாவது ஒரு வகை மற்றவற்றைவிடத் தெளிவாகக் குவிந்திருக்கும். குறிப் பிழைகளே பாதி என்றால் மருந்து இன்னும் நூறு கேள்வி போடுவதில் இல்லை. ஒவ்வொரு ஒளியியல் கணக்குக்கும் முதலில் படம் வரைந்து, ஒளி போகும் திசையில் அம்புக்குறி போட்டு, தரவுகளைக் குறியோடு எழுதிய பிறகே சூத்திரத்தைத் தொடுவது என்ற பழக்கம்தான் மருந்து.

விளக்கம் படித்தால் புரிகிறது, மறுநாள் வரவில்லை என்றீர்கள். புரியாமல் எப்படி இருக்கும்? விளக்கம் எழுதியவர் எந்தச் சூத்திரம் என்ற கடினமான முடிவை எடுத்துவிட்டார், மகள் அவர் பின்னால் நடந்து போகிறாள். வழியைக் கண்டுபிடிப்பது தனித் திறமை, பின்தொடர்வது தனித் திறமை. ஒரு கேள்வி வரவில்லை என்றால் பத்து நிமிடம் முட்டட்டும். பிறகு விளக்கத்தின் மேல் ஒரு அட்டையை வைத்து முதல் வரியை மட்டும் திறக்கட்டும். பெரும்பாலும் அந்த ஒரு வரி போதும், மிச்சத்தைத் தானே போடுவாள். முழுவதையும் பார்க்க வேண்டி வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு, அரை மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு, வெற்றுத் தாளில் முதலிலிருந்து எழுத வேண்டும். நோட்டில் ஏறிய கேள்விகளை மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து, ஒரு மாதம் கழித்து, ஆப்ஷன்களை மறைத்துவைத்து மறுபடி போட வேண்டும். மூன்று முறையும் சரியாக வந்தால் நோட்டிலிருந்து அடித்துவிடலாம்.

அத்தியாயத் தேர்வில் மார்க் வந்து முழுத் தேர்வில் வராமல் போவதற்கும் இதே காரணம்தான். "உந்தம், மோதல்" என்று தலைப்புப் போட்ட தாளில் எந்த விதி என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. முழுத் தாளில் யாரும் சொல்ல மாட்டார்கள். 2 கிலோ கட்டை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்து, நின்றிருந்த 1 கிலோ கட்டையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங்கை அமுக்குகின்றன. அதிகபட்ச அமுக்கம் எவ்வளவு? ஸ்பிரிங் என்றதும் ஆற்றல் அழியாமை என்று ஓடுபவர் ஆற்றல் 36 ஜூல் என்று வைத்துப் போடுவார். ஆனால் மோதி ஒட்டியபோது உந்தம்தான் மாறாமல் இருக்கிறது. வேகம் 4 ஆகிறது, இயக்க ஆற்றல் 24 ஜூல்தான். 12 ஜூல் மோதலிலேயே போய்விட்டது. மோதலுக்கு உந்தம், அதன் பிறகு ஆற்றல்: இந்தப் பிரிப்புதான் கேள்வி, கூட்டல் கழித்தல் எல்லாம் உபரி.

இதைப் பழக மெட்ரோ நல்ல இடம். அல்சூரில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ராஜாஜிநகர் போவதற்குள் பல அத்தியாயங்கள் கலந்த 20 கேள்விகளைப் படிக்கலாம். ஒன்றையும் போட வேண்டாம், பேனாவும் வேண்டாம். எந்த விதி, முதல் சமன்பாடு என்ன என்பதை மட்டும் மனத்தில் சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தடுமாறியதற்கு ஒரு புள்ளி வைத்தால் போதும், வீட்டுக்கு வந்து முதலில் போட வேண்டியவை அவைதான். கூட்டத்தில் நின்றுகொண்டே செய்யக்கூடிய வேலை இது. மெட்ரோவில் சூத்திரப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது பலமடங்கு மேல்.

குறைந்த கேள்வியில் எப்படிப் போதும் என்ற சந்தேகம் வரும். ஒரு கேள்வியை ஐந்தாக்கத் தெரிந்தால் போதும். ஒரு கம்பியை இழுத்து நீளத்தை இரு மடங்காக்கினால் மின்தடை என்னவாகும்? கன அளவு மாறாது, நீளம் இரட்டித்தால் குறுக்குப் பரப்பு பாதியாகும், எனவே மின்தடை 4 மடங்கு. 2 மடங்கு என்று போட்டவர் பரப்பை மறந்தவர். இத்தோடு நிறுத்தாமல் தானே மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இழுத்து ஆரத்தைப் பாதியாக்கினால்? பரப்பு கால் பங்கு, நீளம் 4 மடங்கு, மின்தடை 16 மடங்கு. 0.1 சதவீதம் நீட்டினால்? மின்தடை 0.2 சதவீதம் கூடும். இரண்டாக மடித்துச் சேர்த்து முறுக்கினால்? கால் பங்கு. நீளத்தை இரட்டித்த கம்பியை அதே மின்னழுத்தத்தில் இணைத்தால் வெளியாகும் வெப்பம் கால் பங்காகும், அதே மின்னோட்டம் ஓடினால் 4 மடங்காகும். நுழைவுத் தேர்வுகள் இந்தக் குடும்பத்தை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன.

விடைகளை எண்ணாகக் கொடுக்காமல் எழுத்துகளால் ஆன கோவையாக (எக்ஸ்பிரஷன்) கொடுக்கும் கேள்விகளில் எல்லை நிலையைப் பார்ப்பது பெரிய ஆயுதம். மேசையில் உராய்வில்லாமல் ஒரு கட்டை, கயிறு கப்பி வழியாகப் போய் ஓரத்தில் தொங்கும் இன்னொரு கட்டை. முடுக்கம் என்ன? மேசைக் கட்டைக்கு எடையே இல்லை என்று நினைத்துப் பார்த்தால் தொங்கும் கட்டை தானாக விழ வேண்டும், அதாவது புவியீர்ப்பு முடுக்கமே விடை. மேசைக் கட்டை மலை போல் கனம் என்றால் எதுவும் நகராது, விடை பூஜ்யம். இந்த இரண்டுக்கும் பொருந்தாத கோவைகளை அடித்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். பரிமாணம் ஒத்துவருகிறதா என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும். முடுக்கம் கேட்ட இடத்தில் திசைவேகத்தின் பரிமாணம் வந்தால் மேற்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது?

கூற்று–காரணம் வகையில் இரண்டையும் தனித்தனியாகச் சரியா தவறா என்று முடிவு செய்துவிட்டு, பிறகே நடுவில் "ஏனென்றால்" போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். செயற்கைக்கோளில் இருப்பவர் எடையின்மையை உணர்கிறார் என்பது சரி. அங்கே புவியீர்ப்பு இல்லை என்பது தவறு, ஈர்ப்பு இருப்பதால்தான் அது சுற்றுகிறது. சேர்த்துப் படித்தால் சரி போலவே காதில் விழும்.

கால்குலேட்டர் கிடையாது என்பதால் கைக்கணக்குக்கும் ஒரு ஒழுங்கு தேவை. முதலில் விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 1.2, 2.4, 4.8, 9.6 என்று இருந்தால் 9.8ஐ 10 என்றும், பையின் (π) வர்க்கத்தையும் 10 என்றும் தாராளமாக எடுக்கலாம். 4.8, 4.9, 5.0, 5.1 என்றால் எடுக்கக் கூடாது. ஒளிமின் விளைவுக் கணக்குகளில் பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பத்தின் அடுக்குகளோடு பெருக்கிக்கொண்டு உட்காராமல், 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் நேரடியாக எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். 400 நானோமீட்டர் ஒளிக்கு 3.1. உலோகத்தின் வேலைச் சார்பு 2.1 என்றால் நிறுத்து மின்னழுத்தம் 1 வோல்ட். ஒரு வரியில் முடிந்தது.

இனி குத்துமதிப்பு. சிஇடிக்கும் காமெட்கேவுக்கும் தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. ஒரு வட்டத்தைக்கூடக் காலியாக விடக் கூடாது, இதில் யோசனைக்கே இடமில்லை. ஜேஇஇ மெயினில் சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாகக் கால் மார்க் லாபம்தான். இரண்டு விடையை உறுதியாக அடித்துவிட்டால் மிச்ச இரண்டில் ஒன்றைப் போடுவது சராசரியாக ஒன்றரை மார்க் லாபம். ஐந்தில் ஒன்று சரியாக வந்தாலே நஷ்டமில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து "இதுதான் போல" என்று போடுகிறார்கள். மேலே பார்த்த 6 செ.மீ. மாதிரி விடைகள் அவர்களுக்காகவே வைக்கப்பட்டவை. அதனால் அவர்கள் குத்துமதிப்பு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போகலாம். மகளுக்கு எப்படி என்று தெரிய ஒரே வழி, மாதிரித் தேர்வில் உறுதியில்லாமல் போட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்து, பிறகு அவற்றை மட்டும் தனியே எண்ணுவது. ஐந்தாறு தேர்வுக்குப் பிறகு அந்த எண்ணே முடிவு சொல்லும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லலாம்: இயற்பியலின் 25 கேள்வியில் கடைசி 5 எண்ணாக விடை தர வேண்டியவை. 2025 நடைமுறைப்படி அவற்றுக்கும் தவறினால் ஒரு மார்க் போகும். அங்கே குத்துமதிப்புக்குப் பொருளே இல்லை.

மூன்று தேர்வுக்கும் ஒரே வேகத்தில் பழகுவது இன்னொரு சிக்கல். சிஇடி இயற்பியல் 60 கேள்வி, 80 நிமிடம், கேள்விக்கு 80 விநாடி. காமெட்கே 180 கேள்வி, 180 நிமிடம், கேள்விக்கு ஒரு நிமிடம். ஜேஇஇ மெயின் மூன்று பாடமும் சேர்த்து 75 கேள்வி, 180 நிமிடம், கேள்விக்கு 144 விநாடி. ஜேஇஇ மாட்யூலை மட்டுமே போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை சிஇடியில் எளிய கேள்வியையும் தோண்டிக்கொண்டிருக்கும். வாரத்தில் நாலு நாள் ஜேஇஇ தரத்தில் 25 கேள்வி, இரண்டு நாள் பழைய சிஇடி தாளிலிருந்து 30 கேள்வியை 40 நிமிடத்தில், ஞாயிறு ஒரு முழுத் தேர்வு என்று பிரித்துக்கொள்ளலாம். ஞாயிறு தேர்வை எழுதிய அன்றே அலச வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஏன் அந்த விடையைப் போட்டோம் என்பதே மறந்துபோகும்.

தேர்வுக்குள் மூன்று சுற்று. சிஇடியில் முதல் 40 நிமிடத்தில் தாளின் கடைசிவரை போய்விட வேண்டும், பார்த்ததும் வழி தெரியும் கேள்விகளை மட்டும் போட்டுக்கொண்டு. அடுத்த 25 நிமிடம் வழி தெரிந்தும் கணக்கு நீளமானவை. மிச்சத்தில் அடித்து அடித்து விடை காண்பது. சிஇடி ஓஎம்ஆர் தாளில், அதாவது வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாளில் எழுதுவது என்பதால், கடைசியில் மொத்தமாக வட்டம் நிரப்பலாம் என்று வைத்திருக்கக் கூடாது. கேள்வித்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு நிரப்பிவிட வேண்டும். விட்டுப் போன கேள்வியால் வரிசை ஒன்று தள்ளிப்போனால் பின்னால் வரும் அத்தனையும் போச்சு. வீட்டுத் தேர்வையும் ஓஎம்ஆர் நகலில், பால்பாயின்ட் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். வட்டம் நிரப்பவும் நேரம் பிடிக்கும், அது 80 நிமிடத்துக்குள் அடக்கம்.

புத்தகம் என்று கேட்டால், என்சிஇஆர்டி பாடநூலின் எடுத்துக்காட்டுகள், பயிற்சிக் கணக்குகள், வரைபடங்கள். கர்நாடக பியூ பாடமும் அதுதான். பிறகு பழைய சிஇடி தாள்கள், ஜேஇஇ மெயினை நடத்தும் என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) வெளியிட்ட பழைய தாள்கள். இவ்வளவுதான். சிஇடியின் பொறியியல் ரேங்குக்கு பியூ தேர்வின் இயற்பியல், வேதியியல், கணித மார்க் பாதி, சிஇடி மார்க் பாதி என்பதால், ஆப்ஷன் கேள்வியில் மூழ்கி பியூ தேர்வின் விரிவான விடைகளைக் கைவிடவும் கூடாது.

உங்களுக்கு இயற்பியல் தெரியாது என்பது இந்த இடத்தில் வசதிதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் போதும். அன்றைய கேள்வியில் ஏதாவது இரண்டை எடுத்து, சரியான விடையைக் கேட்காமல் "மற்ற மூணும் ஏன் தப்பு?" என்று கேளுங்கள். வீட்டுத் தமிழிலேயே சொல்லட்டும். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் அது அவளுக்குத் தெரியும். "அது அப்படித்தாம்மா, ஃபார்முலா" என்று முடித்தால் அந்தக் கேள்வி நோட்டில் ஏற வேண்டும். மார்க் எவ்வளவு என்று தினமும் கேட்காதீர்கள். நோட்டில் இன்று எத்தனை வரி ஏறியது, எத்தனை அடித்தாய் என்று கேளுங்கள். எண்ணிக்கையை இறக்கிய முதல் சில வாரம் மாதிரித் தேர்வு மார்க் அப்படியேதான் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி நூறுக்குத் திரும்பிவிட வேண்டாம்.